சிவக்கொழுந்துக்கு மூன்று உயிர்

கூழாங்குளத்துக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சொன்ன சொல்லை அப்படியே கேட்டு நடக்கிற ஊர் இந்தக் காலத்தில் வேறு எங்கே இருக்கிறது? அவர்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் 'இங்கே நிற்கவும்' என்று பலகை வைத்தார்கள். அன்றிலிருந்து பஸ் வந்தாலும் நின்றுகொண்டே இருந்தார்கள். கண்டக்டர் இறங்கி வந்து ஒவ்வொருவரையும் தூக்கி உள்ளே போட வேண்டியதாயிற்று. உள்ளே போன பிறகும் யாரும் உட்காரவில்லை. உட்காரச் சொல்லிப் பலகையில் எழுதவில்லையே.

அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியில் போன வருஷம் உயிரியலில் ஒரு பிள்ளைகூடத் தேறவில்லை. 'இதயத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கவும்' என்ற கேள்விக்கு வகுப்பே அம்பு துளைத்த இதயத்தை வரைந்து வைத்திருந்தது. பாகங்களும் குறித்திருந்தார்கள். இடப்பக்கம் பையன் பெயர், வலப்பக்கம் பெண் பெயர். இரண்டு ஜோடி அந்தத் தாளை வைத்தே பிடிபட்டது.

கல்வி அலுவலர் கனகசபாபதி நேரிலேயே வந்துவிட்டார். தொப்பை முன்னே வர, கோபம் அதற்கும் முன்னே வந்தது.

"அடுத்த ஆய்வுக்கு நான் வருவேன். பிள்ளைங்க ஒழுங்காப் பதில் சொல்லணும். இல்லேன்னா இந்த உயிரியல் பிரிவை எடுத்துருவேன். உங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு பிரிவு. அது போச்சுன்னா மேல்நிலையும் போச்சு. வெறும் உயர்நிலைப் பள்ளிதான், தெரிஞ்சுக்கங்க!"

தலைமையாசிரியர் அம்பலவாணன் கும்பிட்டுக்கொண்டே அவருடைய ஜீப்புக்குப் பின்னால் ஓடினார். காரணம் உயிரியல் இல்லை, கல்யாணம். அவருடைய ஒரே மகள் தமயந்திக்குப் பக்கத்து ஊர் பெரியகொல்லையில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமாகியிருந்தது. பெரியகொல்லையில் இருப்பது உயர்நிலைப் பள்ளிதான். அதனால் மாப்பிள்ளையின் அப்பா நகையைப் பற்றிப் பேசவில்லை, பாத்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. "சம்பந்தி மேல்நிலையா இருக்கணும். எங்க ஊர்ல நாலு பேர் வயிறு எரியணும்" என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார். பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. அதில் மணமகள் பெயரைவிட 'மேல்நிலை' என்ற எழுத்துதான் பெரிதாக இருந்தது.

"மேல்நிலை போனா என் மக கல்யாணமும் போச்சு" என்று அம்பலவாணன் ஆசிரியர்கள் மூன்று பேரையும் கூட்டி வைத்துக் கண்ணீர் விட்டார். மூன்று பேர் யாரென்றால், உயிரியல் சொல்லிக்கொடுக்கும் செல்லக்கிளி டீச்சர், தமிழய்யா தெய்வசிகாமணி, விளையாட்டு மாஸ்டர் வீரணன். மூவரும் கூடவே அழுதார்கள். அழச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ரோஸ்லின் என்ற பயிற்சியாளர் ஒரு கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினாள். இப்போதெல்லாம் உயிரியலை வீடியோ கேம் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். திரையில் ஒரு நோயாளி நிற்பான். அவன் உடம்பு கண்ணாடி மாதிரி. குடல், ஈரல், இதயம் எல்லாம் வெளியே தெரியும். அவனுக்குச் சாப்பாடு ஊட்ட வேண்டும், இரத்தத்தை ஓட விட வேண்டும், கிருமியோடு சண்டை போட வேண்டும். விளையாட விளையாடப் பிள்ளைகளுக்குப் பாடம் தானாக மண்டையில் ஏறும்.

"மேலே மூணு இதயம் இருக்கு பாத்தீங்களா? அதுதான் அவரோட மூணு உயிர். தப்பாச் செஞ்சா ஒண்ணொண்ணாப் போயிரும்" என்று ரோஸ்லின் விளக்கினாள். "முதல்ல நீங்க விளையாடிப் பழகுங்க. ரொம்பக் கஷ்டமில்ல. திரையில என்ன வருதோ அதைப் படிச்சு அப்படியே செய்யுங்க. நோயாளிய யாரோ எவரோன்னு நினைக்காதீங்க, உங்க சொந்தக்காரர் மாதிரி பாத்துக்கங்க. அவ்வளவுதான்."

இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். புண்ணியவதி, வேறு எந்த ஊரிலாவது சொல்லியிருக்கலாம்.

"சொந்தக்காரர்னா யாருக்குச் சொந்தம்?" என்று வீரணன் ஆரம்பித்தார்.

"நல்ல கேள்வி" என்றார் தமிழய்யா. "முறை தெரியாம ஒரு ஆளை எப்படிப் பாத்துக்கிறது? மாமன் மச்சான்னா கேலி பேசணும். பங்காளின்னா வரப்புச் சண்டை போடணும்."

"அவருக்கு நிலமே இல்லியே."

"அப்ப நல்ல பங்காளி."

அம்பலவாணன் நெஞ்சில் கைவைத்தார். "பள்ளிக்கூடத்துக்கு வந்தவரு என் வீட்டுக்கு வந்த மாதிரி. இவரு எனக்குப் பங்காளி. சித்தப்பா மகன், தம்பி முறை." இப்படிச் சட்டென்று ஒருவரைப் பங்காளி ஆக்கிக்கொள்வதில் என்ன ஆபத்து என்று அவருக்கு அப்போது தெரியவில்லை. பெரிய மனது இருக்கிறவர்களுக்கு எப்போதுமே பின்னால்தான் தெரியும்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் முதல் கட்டளை வந்தது: 'நோயாளிக்குப் பெயர் வைக்கவும்.'

பெயர் வைப்பதென்றால் சும்மாவா? நல்ல நாள் பார்த்தார்கள். வகுப்பில் தோரணம் கட்டினார்கள். தம்பி முறை என்பதால் அம்பலவாணனின் தாத்தா பெயரான சிவக்கொழுந்து என்று முடிவாயிற்று. அத்தைதான் காதில் பெயரைச் சொல்ல வேண்டும். பெண் என்று அங்கே இருந்தது செல்லக்கிளி டீச்சர் மட்டும்தான்.

"நான் அவருக்கு அத்தைன்னா, அவருக்கு அண்ணனான உங்களுக்கும் அத்தைதானே சார்?" என்று டீச்சர் கேட்டாள்.

அம்பலவாணன் யோசித்துப் பார்த்தார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. "ஆமா அத்தை" என்றார். அவருக்கு ஓய்வு பெறுகிற வயசு. அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அன்றிலிருந்து அவள் தாமதமாக வந்தால்கூட, "ஏன் அத்தை லேட்டு?" என்றுதான் கேட்டார்.

டீச்சர் ஸ்பீக்கரில் வாய் வைத்து மூன்று தடவை "சிவக்கொழுந்து" என்று சொன்னாள். கூட்டம் நெருக்கியதில் வீரணனின் முழங்கை விசைப்பலகையில் ஊன்றியது. திரையில் 'நல்வரவு, ஙஙஙஙங' என்று வந்தது. தமிழய்யாவுக்குப் புல்லரித்துவிட்டது. "ங-வில் ஒருத்தருக்கும் பேர் இல்லையேன்னு எத்தனை வருஷமாக் கவலைப்பட்டேன்!" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை வீட்டில் கூப்பிடுகிற பெயராக வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானமாயிற்று. கூப்பிடத்தான் யாராலும் முடியவில்லை.

அடுத்த கட்டளை: 'நோயாளிக்குப் பசிக்கிறது. உணவு கொடுக்கவும்.'

சத்துணவுக் கூடத்திலிருந்து தட்டு நிறைய வெண்பொங்கல் வந்தது. திரைக்கு முன்னால் வைத்தார்கள். சிவக்கொழுந்து தொடவில்லை.

"கூச்சப்படுறார்" என்றார் அம்பலவாணன். "எல்லாரும் திரும்பி நில்லுங்க." திரும்பி நின்றார்கள். அப்போதும் சாப்பிடவில்லை.

செல்லக்கிளி டீச்சர் கம்ப்யூட்டர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து வாயைத் தேடினாள். முன்பக்கம் ஒரு பொத்தானை அமுக்கினாள். சிடி போடுகிற தட்டு விருட்டென்று வெளியே நீண்டது.

"நாக்கு! நாக்கை நீட்டுறார்!" என்று வகுப்பே கத்தியது.

டீச்சர் நாக்கின்மேல் ஒரு கரண்டி பொங்கலை வைத்துப் பொத்தானை அமுக்கினாள். நாக்கு உள்ளே போயிற்று. என்ன பொங்கலோ என்று வீரணன் எட்டிப் பார்க்க, அவருடைய முழங்கை மறுபடியும் விசைப்பலகையில் ஊன்றியது. திரையில் சிவக்கொழுந்தின் தொண்டை வழியாக ஒரு கவளம் இறங்கி இரைப்பைக்குப் போயிற்று. 'மிக நன்று!' என்று எழுத்து மின்னியது. வீரணனின் முழங்கைக்கு அந்த ஊரில் யாரும் இன்றுவரை நன்றி சொன்னதில்லை.

இன்னொரு கரண்டி சட்னியோடு வைத்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து லேசாகப் புகை வந்தது.

"காரம்" என்றார் தமிழய்யா. "பச்சை உடம்பு."

பெட்டியின் பின்பக்கம் விசிறி வழியாகச் சூடான காற்று வந்துகொண்டிருந்ததை டீச்சர் பிள்ளைகளுக்குக் கைவைத்துக் காட்டினாள். "பருப்பு சாப்பிட்டா இது சகஜம்" என்று சொல்லிப் பாடத்தை எழுதச் சொன்னாள். பிள்ளைகளும் எழுதினார்கள்: 'மனிதனின் நாக்கு பொத்தானை அமுக்கினால் வெளியே வரும். உணவு செரித்தபின் பின்பக்க விசிறி வழியாக வாயு வெளியேறும்.' உண்மையைச் சொன்னால், அந்த ஊரில் உயிரியல் பாடம் இவ்வளவு கவனமாக அதற்கு முன்னால் நடந்ததே இல்லை.

சொந்தக்காரர் உடம்பு சரியில்லாமல் இருந்தால் போய்ப் பார்க்க வேண்டாமா? ஊரே ஆரஞ்சுப்பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டது. வந்தவர்கள் திரையைச் சுற்றி உட்கார்ந்து, நோயாளியைப் பார்க்கப் போனால் என்ன பேச வேண்டுமோ அதைப் பேசினார்கள். "எங்க பெரியப்பாவுக்கும் இதே மாதிரித்தான் ஈரல் தெரிஞ்சுது. மூணே நாள்தான்." "ஏன் இவ்வளவு இளைச்சுட்டாரு? எலும்பெல்லாம் தெரியுதே." "கவலைப்படாதீங்க, எல்லாம் விதிப்படிதான் நடக்கும்." இப்படி ஆறுதல் சொல்லிவிட்டு, கொண்டுவந்த ஆரஞ்சை அவர்களே உரித்துத் தின்றுவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் காலையில் திரை சிவப்பாக மின்னியது. 'இரத்த ஓட்டம் குறைகிறது! வேகமாக ஓடவும்!'

"ஓடுங்கடா!" என்று வீரணன் விசில் ஊதினார். அவருடைய வாழ்நாளில் பாடப்புத்தகம் அவரை மதித்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடமே மைதானத்தைச் சுற்றி ஓடியது. தமிழய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அம்பலவாணன் பங்காளி பாசத்தில் கூடுதலாக ஒரு சுற்று ஓடினார். நாக்குத் தள்ளத் திரும்பி வந்து பார்த்தால், மேலே இருந்த மூன்று இதயத்தில் வலது ஓரத்து இதயத்தைக் காணோம்.



"போயிட்டாரா?" என்றார் அம்பலவாணன்.

"முழுசாப் போகலை" என்றார் தமிழய்யா. "மூணுல ஒரு பங்கு போயிருக்காரு."

"பங்காளி செத்தா எனக்குத் தீட்டு. தலை மொட்டை அடிக்கணும். தீட்டுக் கழியிற வரைக்கும் வீட்ல நல்ல காரியம் செய்யக் கூடாதே! தமயந்தி கல்யாணம்?"

"அவசரப்படாதீங்க. மூணுல ஒரு பங்கு சாவுக்கு மூணுல ஒரு பங்கு தீட்டுதான். அதுதான் நியாயம்."

நியாயமாகத்தான் பட்டது. முடிதிருத்தும் மருதையனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"மூணுல ஒரு பங்குன்னா எந்தப் பக்கங்க?" என்று மருதையன் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டான்.

"எந்தப் பக்கத்து உயிர் போச்சோ அந்தப் பக்கம்" என்றார் தமிழய்யா.

வலது காதுக்கு மேலே மழமழவென்று ஆகிவிட்டது. அம்பலவாணன் மூன்றில் ஒரு பங்கு துக்கம் காத்தார். கோயிலுக்குப் போனால் ஒரு காலை மட்டும் வாசல்படிக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு சாமி கும்பிட்டார். பாயசத்தை முகர்ந்து பார்த்தார், குடிக்கவில்லை. நல்ல வேளை, அந்தத் தீட்டு கல்யாணத்துக்கு வெகு முன்னாலேயே கழிந்துவிட்டது.

"இனிமே யாரும் ஓடாதீங்க" என்று கண்டிப்பாக உத்தரவு போட்டார். பிள்ளைகள் மணி அடித்தால்கூட ஊர்ந்துதான் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த வாரமே திரையில், 'கிருமிகள் நுழைகின்றன! வாயிலிலேயே தடுத்து நிறுத்தவும்!' என்று வந்தது.

நால்வரும் பள்ளிக்கூட வாயிலுக்கு ஓடினார்கள். ஓடக் கூடாது என்று நினைவு வந்து, நடந்தார்கள். வீரணன் கம்பை எடுத்துக்கொண்டு வாசலில் குறுக்கே நின்றார். வந்தவர்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரித்தார்.

"யாரு நீ? கிருமியா?"

"இல்ல சார், பால்காரன்."

"அப்ப உள்ள போ. நீ?"

"ஆறாப்பு சார்."

"கிருமி இல்லியே?"

"எங்க அம்மா சில நேரம் அப்படித்தான் சார் திட்டும்."

அந்தப் பையனை மட்டும் வெளியே நிறுத்தி வைத்தார்கள். கிருமி ஒன்றுகூட வாசல் வழியாக உள்ளே வரவில்லை. அதில் அவர்களுக்கு இன்றைக்கும் பெருமைதான். ஆனால் வகுப்புக்குத் திரும்பி வந்தால் நடு இதயத்தையும் காணோம்.

மருதையன் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் வழித்துவிட்டுப் போனான். இடது காதுக்கு மேலே மட்டும் முடி நின்றது. தீட்டும் கல்யாணமும் ஒன்றையொன்று உரசாமல் தப்பின. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முந்தித்தான் அது கழிந்தது.

தமயந்தி அப்பாவின் தலையைப் பார்த்துவிட்டு, "அப்பா, மிச்சத்தையாவது என் கல்யாணம் வரைக்கும் வெச்சிருங்கப்பா" என்று சொல்லித் தேம்பினாள். அம்பலவாணனுக்குத் தாங்கவில்லை. மகள் கேட்டது முடியைத்தான் என்றாலும், அந்த முடி சிவக்கொழுந்தின் கடைசி உயிரில் தொங்குகிறது என்று அவருக்குத் தெரியும். இனி யாரும் எதையும் செய்ய வேண்டாம் என்று முடிவு செய்தார். வீரணனின் முழங்கை கடைசியாக ஒரு தடவை விசைப்பலகையில் ஊன்ற, 'ஆட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது' என்று திரையில் வந்தது. சிவக்கொழுந்து ஒற்றை இதயத்தோடு அசையாமல் நின்றார். அவர்முன் ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டுக் கல்யாண வேலையைப் பார்க்கப் போனார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் கனகசபாபதி ஆய்வுக்கு வந்து நின்றார்.

அம்பலவாணனின் தலையை இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் பார்த்தார். பிறகு கேட்க வேண்டாம் என்று தீர்மானித்தவர்போல நேராக வகுப்புக்குப் போய் ஒரு பெண்ணை எழுப்பினார்.

"மனிதனுக்கு எத்தனை உயிர்ம்மா?" என்று வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார்.

"மூணு சார்."

"என்னது?"

"வலது ஒண்ணு, நடு ஒண்ணு, இடது ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மொட்டை போடணும் சார்."

அலுவலர் இன்னொரு பையனைக் கேட்டார். "செரிமானத்தைப் பத்திச் சொல்லு."

"பொத்தானை அமுக்கினா நாக்கு வரும் சார். பொங்கல் வெக்கணும். சட்னி வெச்சாப் புகை வரும். பின்னாடி கைவெச்சுப் பாத்தா வாயு சுடும் சார்."

"இரத்த ஓட்டம்?"

"மைதானத்தைச் சுத்தி சார். முதல்ல வந்தது வீரணன் சார்."

கனகசபாபதியின் முகம் தக்காளியாகிவிட்டது. கோப்பைத் திறந்தார். பேனாவை எடுத்தார். "உயிரியல் பிரிவு இன்னியோட ரத்து. இப்பவே எழுதறேன். நாளையிலேர்ந்து இது உயர்நிலைப் பள்ளி!"

அம்பலவாணன் அவர் காலில் விழாத குறை. "சார், நாளைக்கு என் மக கல்யாணம். சம்பந்திக்கு நான் மேல்நிலைன்னு வாக்குக் குடுத்திருக்கேன். உயர்நிலைன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் மணவறையிலேயே பையனை எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவாரு. என் பொண்ணு மாலையும் கழுத்துமா நிப்பா சார்."

"அதுக்கு நான் என்னய்யா செய்ய? எங்க அந்த வீடியோ கேம்? என்னதான் சொல்லிக்குடுத்தீங்கன்னு பாக்கறேன்." அலுவலர் விளக்கை ஊதி அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். எதையோ அமுக்கினார். ஆட்டம் ஓட ஆரம்பித்தது. கிருமிகள் பச்சைப் பச்சையாக வந்தன. படித்த மனிதர்தான், ஆனால் வீரணனின் முழங்கைக்கு இருந்த கைராசி அவருக்கு இல்லை. அவர் அங்கே ஒன்று இங்கே ஒன்று தட்டுவதற்குள் கடைசி இதயம் அணைந்தது. சிவக்கொழுந்து கண்ணாடி உடம்போடு மல்லாந்து விழுந்தார்.

திரையில் வந்தது: 'ஆட்டம் முடிந்தது.'

"என்னப் பெத்த ராசா!" என்று செல்லக்கிளி டீச்சர் அத்தை முறைக்கு அலறினாள். "பொங்கலைத் தின்ன வாயி, புகையை விட்ட வாயி!" பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள். தமிழய்யா இரங்கற்பா பாடப் போய், ங-வில் மோனை கிடைக்காமல் தவித்தார். மருதையன் யாரும் கூப்பிடாமலே கத்தியோடு வாசலில் வந்து நின்றான். அம்பலவாணன் மிச்சமிருந்த முடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தரையில் சாய்ந்தார்.

"போச்சு. முழுத் தீட்டு. நாளைக்குக் கல்யாணம் நடக்காது. தமயந்தி, உன் அப்பன் உன்னை ஏமாத்திட்டாம்மா!"

சிரிக்கிற விஷயமில்லை. அந்த மனிதன் உண்மையாகவே அழுதார்.

தன்னைச் சுற்றி இத்தனை பேர் ஒப்பாரி வைக்க, ஒருவன் கத்தியோடு நிற்க, கனகசபாபதி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "யோவ், இருங்கய்யா! யாரும் சாகலை!" என்று திரையைப் பார்த்தார். கீழே 'மீண்டும் தொடங்கவா?' என்று கேட்டிருந்தது. அவசரமாக 'ஆம்' என்பதை அமுக்கினார்.

டொய்ங் என்று ஒரு சத்தம். கண்ணாடி மனிதன் மூன்று இதயத்தோடு புத்தம் புதிதாக எழுந்து நின்றான். 'நோயாளிக்குப் பெயர் வைக்கவும்' என்று வந்தது.

அழுகை நின்றது.

"பெயர் வைக்கச் சொல்லுதே" என்றார் தமிழய்யா மெதுவாக. "அப்படின்னா, பிறந்திருக்கு."

"செத்தவரு திரும்பிப் பிறந்துட்டாரு! அப்ப சாவுத் தீட்டு இல்ல!" என்று வீரணன் குதித்தார். மருதையன் கத்தியை மடக்கினான்.

ஆனால் அம்பலவாணன் எழுந்திருக்கவில்லை. "பங்காளி வீட்ல பிள்ளை பிறந்தாலும் தீட்டுதானேய்யா? அப்பவும் கல்யாணம் நின்னுருமே!"

எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடைசியில் தமிழய்யாதான் நிமிர்ந்தார். "இருங்க. போன தடவை ரோஸ்லினம்மா கூட்டிட்டு வந்தாங்க, நீங்க பங்காளியா எடுத்துக்கிட்டீங்க. தீட்டு அப்பன் வீட்டுக்குத்தான். இந்தத் தடவை பிறந்த பிள்ளைக்கு அப்பன் யாரு?"

"யாரு அமுக்கினாங்களோ அவரு" என்றாள் செல்லக்கிளி டீச்சர்.

நான்கு பேரும், வகுப்பும், மருதையனும் கனகசபாபதியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யோவ்! நான் ஒரே ஒரு பட்டனைத்தான் அமுக்கினேன்!"

"எல்லா ஆம்பளைங்களும் இப்படித்தான் சார் சொல்றாங்க" என்றார் வீரணன்.

அலுவலர் பல்லைக் கடித்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "உங்ககிட்டப் பேசிப் பிரயோஜனமில்ல. முதல்ல ரத்து உத்தரவில கையெழுத்தைப் போட்டுட்டு..."

"ஐயையோ!" என்று அம்பலவாணன் பாய்ந்து பேனாவைப் பிடுங்கினார். அழுத முகத்தில் இப்போது உண்மையான அக்கறை. "பிள்ளை பிறந்த தீட்டோட சரஸ்வதியைத் தொடலாமா சார்? தீட்டுக் கழிஞ்சு வந்து போடுங்க. யாராவது பிள்ளையோட அப்பாவுக்கு மஞ்சத் தண்ணி கொண்டாங்கம்மா!"

பெயர் சொல்லுகிற அத்தை என்றால் பிள்ளையின் அப்பாவுக்குத் தங்கை என்று செல்லக்கிளி டீச்சருக்குத் தன் புது முறை புரிந்தது. "இரு அண்ணே, நானே ஊத்தறேன்" என்று ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அலுவலர் தலையில் கவிழ்த்தாள். உத்தரவு, கோப்பு, அலுவலர் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. "அண்ணே, உங்க அப்பா பேரு என்ன?" என்று அவள் கேட்க, மூக்கில் தண்ணீர் ஏறிய நிலையில், பள்ளிக்கூடத்தில் கேட்டால் சொல்லிவிடுகிற பழைய பழக்கத்தில், "முத்துக்கருப்பன்" என்று சொல்லிவிட்டார். டீச்சர் உடனே ஸ்பீக்கரில் மூன்று தடவை அந்தப் பெயரைச் சொன்னாள். கனகசபாபதி ஈரம் சொட்டச் சொட்ட ஜீப்பில் ஏறிப் பறந்தார்.

மறுநாள் கல்யாணம் மேல்நிலையில் ஜாம்ஜாமென்று நடந்தது. சம்பந்தி வந்ததும் அம்பலவாணனின் தலையை உற்றுப் பார்த்தார். மேல்நிலைக்காரர்கள் கல்யாணத்துக்கு இப்படித்தான் வெட்டிக்கொள்வார்கள் போலிருக்கிறது, தனக்குத்தான் தெரியாமல் போயிற்று என்று வெட்கப்பட்டு, முகூர்த்தத்துக்கு முன்னால் மருதையனைத் தேடிப் போய்த் தானும் வழித்துக்கொண்டு வந்தார். போட்டோவில் இருவரும் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கிறார்கள். தமயந்திக்குத் தாலி ஏறியபோது அம்பலவாணன் அழுத அழுகையில் நாதஸ்வரக்காரர் சுருதி தப்பினார்.

கல்யாணச் சந்தடி அடங்கியதும் ஒரு விஷயம் அவருக்கு உறுத்தியது. "அடுத்தவர் பிள்ளையை நாம வெச்சுக்கிறது முறையில்ல. அப்பன்கிட்டச் சேத்துரணும்."

பெட்டியைக் குளிப்பாட்டப் போன வீரணனைத் தடுத்து நிறுத்தி, ஈரத்துணியால் மட்டும் துடைத்தார்கள். திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். மஞ்சள் சேலையில் தூளி கட்டி, உள்ளே வைத்து, முகம் தெரியாமல் மூடினார்கள். பழம், வெற்றிலை, கிலுகிலுப்பை எல்லாம் தட்டில் எடுத்துக்கொண்டு நால்வரும் பஸ் ஏறி, நகரத்தில் கல்வி அலுவலர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்தது அவருடைய மனைவி.

"வணக்கம்மா" என்று அம்பலவாணன் தூளியை அவள் கையில் கொடுத்தார். "சார் எங்க ஊருக்கு வந்தப்பப் பிறந்த பிள்ளை. நாங்க கண்ணும் கருத்துமாப் பாத்துக்கிட்டோம். இருந்தாலும் உங்ககிட்ட ஒப்படைக்கிறதுதான் முறை."

அந்த அம்மாள் தூளியைத் திறக்கவில்லை. வீட்டுக்கு உள்ளே பார்த்தாள். "பேரு?" என்று கேட்டாள்.

"முத்துக்கருப்பன்ங்க. சாரே அவங்க அப்பா பேரைச் சொன்னாங்க."

உள்ளே சாப்பாட்டுத் தட்டு கீழே விழுகிற சத்தம் கேட்டது. நால்வரும் திருப்தியாகக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்கள். கதவு சாத்திக்கொண்டது, அந்த அம்மாளின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்க ஆரம்பித்தது. வாசல் கேட்டைத் தாண்டியபோது செல்லக்கிளி டீச்சருக்கு ஏதோ நினைவு வந்தது. திரும்பி ஓடிவந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, பொறுப்பாகச் சொன்னாள்:

"அண்ணி, பசிச்சாப் பொத்தானை அமுக்குங்க, நாக்கை நீட்டும். பொங்கலே குடுங்க. சட்னி மட்டும் வேணாம், அண்ணனை மாதிரியே உடனே புகைய ஆரம்பிச்சுரும்."